சுக்கோத் பண்டிகை: வீட்டில் கூடாரம் போடுவோர் கேட்கும் கேள்விகள்

சுக்கோத் எப்போது வருகிறது, எத்தனை நாள்?

சுக்கோத் யூதர்களின் கூடாரப் பண்டிகை. எபிரேய நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் தேதி, முழுநிலவை ஒட்டி வருகிறது. யோம் கிப்பூர் நோன்பு 10ஆம் தேதி என்பதால் இடையில் கிடைப்பது நாலே நாள். யூத நாள் முந்தைய மாலையிலேயே பிறந்துவிடும். 2026இல் செப்டம்பர் 25 வெள்ளி மாலையும், 2027இல் அக்டோபர் 15 வெள்ளி மாலையும் பண்டிகை தொடங்குகிறது.

பண்டிகை ஏழு நாள். எட்டாம் நாளான ஷெமினி அத்செரெத் அதை ஒட்டி வந்தாலும் தனிப் பண்டிகை. இஸ்ரேலில் முதல் நாளும் எட்டாம் நாளும் வேலை செய்யக் கூடாத முழுப் பண்டிகை நாட்கள். இஸ்ரேலுக்கு வெளியே முதல் இரண்டு நாளும், எட்டும் ஒன்பதும் அப்படி. நடுவில் வருபவை ஹோல் ஹமோயேத்: பயணம் போகலாம், சமைக்கலாம், ஆனால் தள்ளிப்போடக்கூடிய தொழில் வேலையும், துணி துவைப்பதும், முடி வெட்டுவதும் கிடையாது. கைக்குழந்தையின் துணிக்கு விலக்கு உண்டு. பெரிய பிள்ளைகளின் சட்டைகளை முன்பே துவைத்து அடுக்கிவிடுங்கள். இதைக் கோட்டைவிட்டு நடுவாரத்தில் தவிக்கும் வீடுகள் நிறைய.

அறுவடைக்கும் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு காரணங்களையும் யூதர்களின் வேதமான தோராவே சொல்கிறது. யாத்திராகமம் இதை ஆண்டு முடிவில் விளைச்சலைச் சேர்க்கும் விழா என்கிறது. லேவியராகமம் 23ஆம் அதிகாரம், எகிப்திலிருந்து வந்தவர்கள் வனாந்தரத்தில் கூடாரங்களில் குடியிருந்ததன் நினைவு என்கிறது. களத்துத் தானியமும் ஆலைத் திராட்சை ரசமும் வீடு வந்து சேர்ந்தபின் கொண்டாடு என்று உபாகமம் 16:13 சொல்லும்.

யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத்தின் அறிஞர்கள் இந்த வசனத்திலிருந்துதான் கூரைச் சட்டத்தை எடுத்தார்கள். களத்திலும் ஆலையிலும் மிஞ்சுவது என்ன? தாளும் கொடியும். கூரைக்கு அவைதான்: நிலத்தில் முளைத்தது, வெட்டப்பட்டது, உணவும் அல்ல, பாத்திரம் பண்டமும் அல்ல. கீழே கூரை பற்றி வரும் விதிகளெல்லாம் இதன் கிளைகள்தான். சுக்காவில், அதாவது இந்தப் பண்டிகைக் கூடாரத்தில், சுவரை எதில் வேண்டுமானாலும் எழுப்பலாம். கூரை பிசகினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அது சுக்கா ஆகாது.

எங்கே போட வேண்டும்? எவ்வளவு பெரிதாக?

முதலில் அண்ணாந்து பாருங்கள். மேலே மரக்கிளை, மாடி வீட்டு பால்கனி, கூரை நீட்சி, துணி காயும் கொடி எதுவும் இருக்கக் கூடாது. வளர்ந்து நிற்கும் மரத்தின் நிழல் கூரையாகக் கணக்கில் வராது. அதன் அடியில் போட்ட சுக்கா செல்லாது. எருசலேமிலும் இஸ்ரேலின் இன்னொரு நகரான ப்னே ப்ராக்கிலும் அடுக்குமாடிகளின் பால்கனிகள் ஒன்றுக்கு நேர்மேலே ஒன்று வராமல் தள்ளித் தள்ளிக் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் சுக்கா போடத் திறந்த வானம் வேண்டும் என்பதற்காகவே அப்படி.

சட்டப்படி மிகக் குறைந்த அளவு பக்கத்துக்கு ஏழு கையகலம், 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்குக்கும் பொருந்தும். உயரம் குறைந்தது 1 மீட்டர், அதிகபட்சம் 20 முழம், அதாவது 9.5 மீட்டர் அளவு. குடும்பமாக உட்கார இதெல்லாம் உதவாது. ஆறிலிருந்து எட்டுப் பேர் மேசை போட்டுச் சாப்பிட 2.4 × 3 மீட்டர் வேண்டும். 2 மீட்டர் அகலத்தில் மேசை போட்டுவிடலாம்தான், ஆனால் குழம்புப் பாத்திரத்தோடு நாற்காலிக்குப் பின்னால் நடக்க முடியாது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் அதையே எடுங்கள். ஏழு நாளும் தட்டு சுமக்கப்போவது நீங்கள்தான்.

சுவருக்குத் துணியோ தார்ப்பாயோ போதாதா?

கடையில் விற்கும் மடக்குச் சுக்காக்கள் பலவற்றுக்கும் துணிச் சுவர்தான். சிக்கல் என்னவென்றால், சாதாரணக் காற்றில் முன்னும் பின்னும் அலையும் சுவர் சுவராகக் கணக்கில் வராது. நான்கு மூலையிலும் இறுகக் கட்டினால்கூட இரண்டாம் நாளே நடுவில் தொய்ந்து படபடக்கும்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. மூன்று கையகலத்துக்குக் குறைந்த இடைவெளியை மூடியதாகவே கருதலாம். ஆகவே துணிக்கு உட்புறமாகக் கம்பத்துக்குக் கம்பம் கிடையாக நாடாவோ கயிறோ இழுத்துக் கட்டுங்கள். முதல் வரி தரையிலிருந்து 20 செ.மீ.; அதன்மேல் 20 செ.மீ.க்கு ஒன்றாக, 1 மீட்டர் உயரம்வரை ஐந்து வரி. இப்போது சட்டப்படி சுவர் அந்த நாடாக்கள்தான். துணி வெறும் மறைப்பு. நாடாவும் தளரும், எனவே இறுக்கும் கொக்கி உள்ளதாக வாங்குங்கள்.

இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் கொஞ்சமும் இருந்தாலே செல்லும் என்பது சட்டம். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எங்கே நிற்க வேண்டும் என்பதில் நுணுக்கம் அதிகம். மூன்று முழுச் சுவர் போட்டுவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வீட்டின் வெளிச்சுவரையே ஒரு பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

கூரை போடும் முறை என்ன?

ஸ்காக் எனப்படும் கூரைத்தழைக்கு மூன்று நிபந்தனை: தாவரமாக இருக்க வேண்டும், வேரிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பயன்பாட்டுப் பொருளாகவோ உணவாகவோ இருக்கக் கூடாது. பேரீச்சை ஓலை, மூங்கில், பைன் கிளை, சோளத்தட்டை, வண்ணம் பூசாத மெல்லிய மரச்சட்டம் எல்லாம் சரி. உட்காரவும் படுக்கவும் செய்த பாய் ஆகாது. கூரைக்கென்றே முடைந்த மூங்கில் பாய் ஆகும். ஆனால் அதைப் பின்னியிருப்பது நைலான் நூலா, தாவர நாரா என்று பாருங்கள். கூரைக்கு ஆகும் என்ற சான்று அச்சிட்ட பாய்கள் கொஞ்சம் விலை கூட, வாங்கலாம். பல ஆண்டுகளுக்கு உழைக்கும்.

2.4 × 3 மீட்டர் சுக்காவுக்கு 2.2 மீட்டர் உயரக் கம்பங்கள், மேல்சட்டகம், அதன் குறுக்கே 2.5 × 5 செ.மீ. மரச்சட்டங்கள் ஆறு, 50 செ.மீ. இடைவெளியில். சட்டகம் இரும்புக் குழாய் என்றால் தழையை அதன்மேல் நேராக வைக்காமல் இந்த மரச்சட்டங்களின்மேல் வையுங்கள். தழையைத் தாங்குவதும் மரமாகவே இருக்கட்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கும் கவனம். சுவர்களை நிறுத்திய பிறகே கூரை. வரிசையை மாற்றாதீர்கள்.

அடர்த்தி: உச்சி வெயிலில் தரையைப் பாருங்கள். வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும். இரவில் விண்மீன் தெரிந்தால் நல்லது. எந்த இடத்திலும் 24 செ.மீ. அகலத் திறப்பு குறுக்கே ஓடக் கூடாது. பச்சைத் தழை நான்காம் நாளில் சுருங்கும் என்பதை மறந்து, முதல் நாள் கணக்குக்குச் சரியாகப் போட்டுவிட்டு நிற்பவர்கள் அதிகம். இலை உள்ள கிளை என்றால் தேவைக்கு மேல் மூன்றிலொரு பங்கு கூடப் போடுங்கள். இலை உதிரும் மரமும் நாறும் தழையும் வேண்டாம். சாப்பாட்டில் விழுந்தால் ஆட்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள் என்று தல்மூத்தே இதை விலக்கியிருக்கிறது.

காற்று தூக்குமா? மூங்கில் பாயைக் காற்று பாய்மரமாக்கிவிடும். பிளாஸ்டிக் டையும் கம்பியும் போட்டு இறுக்குவது பலருக்கும் வரும் முதல் யோசனை. தழையை நிலைநிறுத்துவது அவை மட்டுமே என்றானால் கேள்வி எழும். பாயின்மேல் இரண்டு மூன்று மரச்சட்டங்களைக் குறுக்காக வைத்து, அவற்றின் முனைகளைச் சட்டகத்தின் மரத்தோடு பிணையுங்கள். எளிது, சந்தேகமும் இல்லை.

தென்னங்கீற்று ஆகுமா?

தாராளமாக. கேரளத்துக் கொச்சி யூதர்களின் சுக்காக்கள் தென்னோலையால் வேய்ந்தவைதான். பச்சைக் கீற்று உதிராது, வாரம் முழுக்கத் தாங்கும். முடைந்த கீற்றும் கூரைக்கென்றே முடைந்தது என்பதால் தடையில்லை; ஆனால் நம் ஊர்க் கொட்டகைக்கு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடாதீர்கள். மழைத்துளி உள்ளே இறங்காத கூரை வீட்டுக் கூரை ஆகிவிடும் என்பது பல அறிஞர்களின் கருத்து. ஒற்றை அடுக்கு, நடுநடுவே விரலிடை.

மழை பெய்தால்?

எழுந்து வீட்டுக்குள் போங்கள். சாப்பாடு கெடும் அளவுக்கு மழை வந்தால் விலக்கு உண்டு. விலக்கு இருந்தும் நனைந்துகொண்டு உட்காருவதைப் பக்தி என்று சட்டம் மெச்சுவதில்லை. குளிர், கொசு, குளவி, உடல்நலக் குறைவுக்கும் இப்படியே. முதல் இரவு மட்டும் வேறு: ஐரோப்பிய யூத மரபான அஷ்கெனாசி வழக்கில் மழை விடக் கொஞ்சம் காத்திருந்து, விடாவிட்டாலும் திராட்சை ரசத்தின்மேல் சொல்லும் ஆசியான கித்தூஷைச் சொல்லி ஒரு துண்டு ரொட்டியாவது, 30 கிராம் அளவுக்கு, சுக்காவில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

கூரைமேல் பிளாஸ்டிக் விரித்து வைக்கலாம், ஆள் இல்லாதபோது. அதை விரித்தபடியே கீழே சாப்பிட்டால் சுக்காவில் சாப்பிட்டதாகாது. ஒரு பக்கம் கட்டையில் சுற்றி, கயிற்றை இழுத்தால் உருண்டு திறக்கும்படி முன்பே அமைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரோடு இழுத்தால் முழுதும் மேசையில்தான் கொட்டும். கட்டும்போதே ஒரு பக்கம் சரிவு கொடுங்கள்.

நான்கு வகைத் தாவரங்களை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பண்டிகையில் கையில் ஏந்தி ஆசி சொல்லும் தாவரங்கள் இவை: எத்ரோக் ஒன்று, லூலாவ் ஒன்று, ஹதாஸ் மூன்று, அராவா இரண்டு.

எத்ரோக் நம் நார்த்தங்காயின் உறவுக்காரக் கனி. எலுமிச்சையோடு ஒட்டுப்போட்ட மரத்தில் காய்த்தது ஆகாது. அதனால்தான் இத்தாலியின் கலாப்ரியா, மொராக்கோ, ஏமன் வகை என்று பரம்பரை பார்த்து விற்கிறார்கள். முட்டை அளவுக்குக் குறையக் கூடாது. மேல் மூன்றிலொரு பகுதியில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகுதான் வடிவம். நுனியில் பித்தோம் என்ற காம்பு இருந்தால் அது ஒடிந்திருக்கக் கூடாது. மரத்திலேயே அது உதிர்ந்து வளர்ந்த கனி முழுக்கச் செல்லும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பித்தோம் இல்லாததே வாங்குங்கள். ஒடிக்க ஒன்றும் இருக்காது.

லூலாவ் என்பது பேரீச்சையின் விரியாத குருத்தோலை. நடு ஓலையின் நுனி பிளந்திருக்கக் கூடாது. கடைக்காரர் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் காட்டாவிட்டால் அடுத்த கடை. ஹதாஸ் மிர்ட்டில் கிளை. ஒரே கணுவில் மூன்று இலை ஒரே மட்டத்தில் கிளம்ப வேண்டும், இது கிளையின் பெரும்பகுதியில் இருக்க வேண்டும். அராவா ஆற்றோர வில்லோ: செந்தண்டு, நீண்ட இலை, வழவழத்த ஓரம். ஹதாஸ், அராவா இரண்டின் கிளைகளும் 30 செ.மீ. இருக்கட்டும், லூலாவின் நடுத்தண்டு அவற்றைவிட ஒரு கையகலமாவது மேலே நீள வேண்டும். ஹதாஸை மேலே ஏற்றிக் கட்டி இந்த அளவைக் கெடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

எப்படிக் கட்டி, எப்படி ஆசி சொல்வது?

லூலாவின் முதுகுத்தண்டு உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வலப்பக்கம் மூன்று ஹதாஸ், இடப்பக்கம் இரண்டு அராவா, ஹதாஸ் சற்று உயரமாக. எல்லாவற்றின் அடியும் ஒரே மட்டம். லூலாவ் ஓலையையே கிழித்து வளையமாக்கிக் கட்டுவது மரபு. கடையில் ஓலையில் பின்னிய கூடும் கிடைக்கும்.

கட்டை வலக்கையில் எடுங்கள். எத்ரோக்கை இடக்கையில் தலைகீழாக, பித்தோம் கீழே பார்க்கப் பிடித்து ஆசியைச் சொல்லுங்கள். இந்த ஆண்டு முதல் தடவை என்றால், இந்த வேளையை அடைந்ததற்கு நன்றி சொல்லும் ஷெஹெஹெயானு ஆசியும் சேரும். பிறகு எத்ரோக்கை நிமிர்த்தி, இரண்டு கையையும் சேருங்கள். செயலுக்கு முன் ஆசி வர வேண்டும்; நிமிர்த்திப் பிடித்துவிட்டால் செயல் முடிந்துவிட்டது, அதற்காகத்தான் இந்தத் தலைகீழ் ஏற்பாடு. அஷ்கெனாசி வழக்கில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேல், கீழ் என்று திசைக்கு மூன்று அசைப்பு. ஸ்பெயின் வழிவந்த யூதர்களான செஃபார்திகள் பலர் தெற்கில் தொடங்கி மேற்கில் முடிப்பார்கள். 'கீழ்' என்பதற்குக் கையைத் தாழ்த்தினால் போதும். கட்டைக் கவிழ்க்க வேண்டாம்.

சனிக்கிழமை ஓய்வு நாளான ஷப்பாத்தில் இவற்றை எடுப்பதில்லை. 2026, 2027 இரண்டிலும் முதல் நாள் சனி என்பதால் முதல் முறை எடுப்பது ஞாயிறன்று.

அராவா மூன்றே நாளில் கருகிவிடுகிறது. என்ன செய்வது?

கருகுவது அதன் இயல்பு. ஆற்றங்கரைச் செடி, நீரைப் பிரிந்தால் தாங்காது. பயன்படுத்தியதும் கட்டிலிருந்து உருவி, ஈரத்துணியில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். துணி சொட்டச் சொட்ட இருந்தாலும் கருகும். பிழிந்த ஈரமே அளவு. லூலாவின் அடியைத் தண்ணீரில் நிறுத்தலாம். எத்ரோக்கை மட்டும் உறைபெட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தோல் கறுத்துவிடும். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் நடுவாரத்தில் புதிய அராவா ஒரு சோடி வாங்க வேண்டிவரும். அதற்குக் காசு ஒதுக்கி வையுங்கள்.

குழந்தையிடம் லூலாவைக் கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் முதல் நாளில் பெரியவர்கள் எல்லோரும் எடுத்து முடித்தபின். அன்று அவரவர் சொந்தப் பொருளை எடுத்தால்தான் கடமை நிறைவேறும். குடும்பத்தில் ஒரே கட்டு என்றால் "திருப்பித் தருவாய் என்ற நிபந்தனையோடு உனக்கு அன்பளிப்பு" என்று சொல்லிக் கைமாற்றுவார்கள். சிறு பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் அது பிள்ளையுடையதாகிவிடும், சட்டப்படி பிள்ளையால் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்து நிற்கும் பாட்டி கையை விரிக்க வேண்டியதுதான். இஸ்ரேலுக்கு வெளியே இரண்டாம் நாளிலும் இதே எச்சரிக்கை. மற்ற நாட்களில் இரவல் போதும்.

பிள்ளைகளுக்கு உண்மையான வேலை அலங்காரம். காகிதச் சங்கிலி, சுரைக்குடுக்கை, சோளக்கதிர் நல்லவை. அறுத்த பழத்தைத் தொங்கவிட்டால் குளவிக்கு விருந்து. தொங்குவது கூரையிலிருந்து 30 செ.மீ.க்குள் நிற்கட்டும். தொங்கவிட்ட பழத்தைப் பண்டிகை முடியும்வரை பறித்துத் தின்னக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள். மேற்குக் கரையின் கெரிசீம் மலையில் வாழும், தோராவையே வேதமாகக் கொண்ட சமாரியர்கள் இதை வேறு எல்லைக்குக் கொண்டுபோகிறார்கள்: அவர்களுடைய சுக்கா வீட்டுக்குள், கூரை முழுக்க மாதுளையும் எத்ரோக்கும் ஆப்பிளும்.

விளக்குக்கு மழை தாங்கும் எல்இடி மட்டும். காய்ந்த ஓலைக்கு அருகில் சூடேறும் பல்பும் வேண்டாம், திறந்த மெழுகுவத்தியும் வேண்டாம். ஷப்பாத்துக்கு டைமரை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும்.

என்ன சமைப்பது?

உள்ளே ஏதாவது அடைத்தது. முட்டைக்கோஸ், குடைமிளகாய், கத்தரி, திராட்சை இலை. நிறைந்த களஞ்சியத்தின் அடையாளம் என்பார்கள். யூதப் புத்தாண்டில் தொடங்கிய, பண்டிகை ரொட்டியான ஹல்லாவைத் தேனில் தொட்டுத் தருவதும் தொடரும். உண்மையில் சுக்காவுக்கு ஏற்றது ஒரே பாத்திரத்தில் சூடு தங்கும் எதுவும்தான்.

எட்டுப் பேருக்கு முட்டைக்கோஸ் சுருள்: 1.5 கிலோ கோஸ் ஒன்றை இரண்டு நாள் உறையவைத்து, ஓரிரவு உருகவிடுங்கள்; கொதிநீரில் போடாமலே இலை கிழியாமல் பிரியும். கோஷெர் (யூத உணவு விதிக்கு உட்பட்ட) மாட்டுக்கொத்துக்கறி 750 கிராம், பாதி வெந்த அரிசி 150 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம் 2, முட்டை 1, உப்பு, மிளகு சேர்த்துப் பிசையுங்கள். ஒரு இலைக்கு ஒரு கைப்பிடி, தளர்வாகச் சுருட்டுங்கள். இறுக்கினால் அரிசி ஊதி வெடிக்கும். 800 கிராம் தக்காளி, 2 மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்த குழம்பில் மூடி, சிறுதீயில் இரண்டு மணி நேரம். இறைச்சி இருப்பதால் வெண்ணெயும் தயிரும் அந்த மேசைக்கு வரக் கூடாது.

முதல் நாள் ஷப்பாத்தாக வரும் ஆண்டில் எல்லாம் வெள்ளி மாலைக்குள் வெந்திருக்க வேண்டும். வெறும் பண்டிகை நாளென்றால் ஏற்கெனவே எரியும் அடுப்பில் சமைக்கலாம், ஷப்பாத்தில் அதுவும் இல்லை. குழம்பு வகையைச் சூரியன் மறையுமுன் சூடாகவே ஷப்பாத் தட்டடுப்பில் ஏற்றிவிடுங்கள். குளிர்ந்த குழம்பை மறுநாள் எடுத்துச் சூடாக்க முடியாது. முதல் இரவு இருட்டிய பிறகே சாப்பாடு. பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணிக்கே ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

யூதரல்லாத எங்களை அழைத்திருக்கிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

போங்கள். விருந்தாளி வருவது இந்தப் பண்டிகைக்கு அழகு. ஆபிரகாம் முதல் தாவீதுவரை ஏழு முன்னோர்கள் நாளுக்கொருவராக வருகிறார்கள் என்று சொல்லி அவர்களையும் வரவேற்கும் உஷ்பிசின் வழக்கம் உண்டு. வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோகாதீர்கள். கோஷெர் முத்திரையுள்ள, பிரிக்காத இனிப்புப் பெட்டி போதும். பண்டிகை நாளென்றால் அதையும் முந்தின நாளே சேர்த்துவிடுவது நல்லது. முழுப் பண்டிகை நாளிலும் ஷப்பாத்திலும் படம் எடுக்காதீர்கள், விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள். ஹோல் ஹமோயேத் நாளில் இந்தத் தடை இல்லை, அழைப்புக்கு அதுவே தோது. ஒரு சால்வை கையில் இருக்கட்டும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.

சுக்காவில் தூங்க வேண்டுமா?

சட்டப்படி ஆண்களுக்கு உணவும் உறக்கமும் அங்கேதான். எருசலேமின் இதமான இரவில் பலர் தூங்குகிறார்கள்; குளிர்ந்த ஊர்களில் பெரும்பாலோர் உணவோடு நிறுத்திக்கொள்வார்கள். பெண்களுக்குக் கட்டாயமில்லை. ஐந்தாறு வயதுப் பையன்களைச் சாப்பாட்டுக்குப் பழக்குவார்கள்.

பண்டிகை எப்படி முடிகிறது? எப்போது பிரிக்கலாம்?

ஏழாம் நாள் ஹோஷனா ரப்பா. தொழுகைக்கூடத்தில் ஏழு சுற்று வந்து, தனியாகக் கட்டிய ஐந்து அராவாக் கிளைகளைத் தரையில் அடிப்பார்கள். இவற்றை முந்தின நாளே வாங்கிவையுங்கள். எட்டாம் நாள் மழைக்கான வேண்டல். இஸ்ரேலில் கோடை முழுக்க மழை கிடையாது, இனி வரும் மழையை நம்பித்தான் அடுத்த விதைப்பு. அன்றே அங்கு சிம்ஹத் தோராவும், வெளியே மறுநாள். தோராச் சுருள்களை ஏந்தி ஆடிப்பாடும் நாள் அது. 2026இல் இஸ்ரேலில் அக்டோபர் 3, மற்ற நாடுகளில் அக்டோபர் 4.

அதன்பின் பிரிக்கலாம். பாயை முழுக்க வெயிலில் காயவைத்தே சுருட்டுங்கள், ஈரத்தோடு கட்டினால் அடுத்த ஆண்டு பூஞ்சணம்தான் விரியும். கம்பங்களின் பொருத்துகளில் எண்ணெழுதி வைத்தால் அடுத்த முறை நேரம் மிச்சம். லூலாவைக் குப்பையில் போடாமல் எடுத்துவைத்து, பஸ்கா பண்டிகையான பெசாக்குக்கு முன் புளித்த மாவை எரிக்கும் தீயில் போடுவோர் உண்டு.

எத்ரோக்கில் ஜாம் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: உண்பதற்காக விளைவிக்காததால் பூச்சிமருந்து அதிகம் அடித்திருக்கலாம், நாம் தின்பதோ தோலை. மருந்தடிக்காதது என்று தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். மெல்லிய வில்லைகளாக அரிந்து, விதை நீக்கி, ஓரிரவு ஊறவைத்து நீரைக் கொட்டுங்கள். புதுநீரில் கொதிக்கவைத்து வடிப்பதை மூன்று முறை செய்தால் கசப்பு இறங்கும். பிறகு எடைக்கு எடை சர்க்கரை, ஒரு ஆரஞ்சின் சதை, மூழ்காத அளவு தண்ணீர். முக்கால் மணி நேரம் சிறுதீ. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்க வேண்டும். கசப்பு போகுமுன் சர்க்கரையைச் சேர்த்துவிட்டால் தோல் விறைத்துக்கொள்ளும், அதற்குமேல் எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்று வராது.